ஒட்டுப் போடுகிறவர்களுக்கு

அமீகா கணினி விளையாட்டுகளுக்கு ஸ்லேவ் எழுதும் நண்பர்களே,

உங்களில் ஒருவர் எழுதிய நிரலில் இருந்த 8 என்ற ஓர் எண் என்னை மூன்று வாரம் பிடித்து வைத்துக்கொண்டது. அவருக்கு மட்டும் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். எழுதிக்கொண்டு போகையில், நான் கேட்க நினைப்பது அவர் ஒருவரிடம் மட்டும் கேட்கிற காரியம் அல்ல என்று பட்டது. அதனால் இது உங்கள் எல்லோருக்கும்.

நடந்தது இதுதான். ஒரு விளையாட்டின் ஸ்லேவுக்கான சோர்ஸை, அதாவது அந்த விளையாட்டைப் புதிய அமீகாவில் ஓடவைக்கும் ஒட்டு நிரலின் மூலத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். இசை ஒலிக்கும் பகுதியில் ஒரு காத்திருப்பு வைத்திருந்தார்: திரையில் 8 வரி வரையப்படும் வரை நில், பிறகு மேலே போ. அவரே எழுதிய இன்னும் நான்கு ஸ்லேவ்களைத் திறந்து பார்த்தேன். நான்கிலும் அந்த இடத்தில் 5. இதில் மட்டும் 8. பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை. கேட்டு எழுதினேன். மறுநாளே அன்பாகப் பதில் போட்டார். எழுதி 14 ஆண்டு ஆகிவிட்டது, காரணம் இல்லாமல் வைத்திருக்க மாட்டேன், என்ன காரணம் என்று இப்போது நினைவில்லை என்றார்.

அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாலை வேளைகளில், சம்பளம் இல்லாமல், யாரோ எழுதிய விளையாட்டை யாரோ விளையாடுவதற்காகச் செய்த வேலை அது. 14 ஆண்டுக்கு முன் எழுதிய எண்ணின் காரணம் எனக்கும் நினைவிருக்காது. ஆனால் அந்தப் பதிலைப் படித்த அன்று மனதுக்குள் ஏதோ ஒன்று நழுவி விழுந்ததுபோல் இருந்தது. உங்களிடம் இருக்கும் அறிவு எங்கே இருக்கிறது என்று அன்றுதான் யோசித்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் அமீகாவோடு வளர்ந்தவன் அல்லன். அது பிறந்து 30 ஆண்டு கழித்து ஓர் அமீகா 1200 என் கைக்கு வந்தது, 68030 ஆக்சிலரேட்டர் அட்டையோடு. நம் நாட்டுத் தொலைக்காட்சியும் பி.ஏ.எல். முறையில்தான் இருந்தது என்பதால், வீட்டில் கிடந்த பழைய டியூப் டிவியில் படம் நேராக வந்தது. கூடவே வந்த ஃப்ளாப்பிகளில் பாதிக்கு மேல் படிக்கவில்லை. படித்தவையும் ஓடவில்லை, திரை கறுத்தது, அல்லது சிவப்பாக மின்னும் பிழைச் செய்தி வந்தது. நீங்கள் போட்ட ஒட்டுகளால்தான் அந்தப் பெட்டி எனக்கு விளையாட்டுப் பெட்டி ஆனது. சிறுவயது ஏக்கம் எதுவும் இல்லாமல், எழுத்தை மட்டும் நம்பி இந்த உலகத்துக்குள் வந்தவன் நான். நாளைக்கு வரப்போகிறவர்கள் எல்லோரும் என்னைப் போலத்தான் வருவார்கள்.

இந்த மடலை உங்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கொமடோர் நிறுவனம் முதல் அமீகாவை 1985-இல் வெளியிட்டது. வீடுகளுக்குள் அதைக் கொண்டுசென்றது 1987-இல் வந்த அமீகா 500. மோட்டோரோலா 68000 பிராசஸர், ஐரோப்பிய மாதிரியில் நொடிக்கு 70 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட துடிப்பு, 512 கிலோபைட் நினைவகம், 880 கிலோபைட் பிடிக்கும் ஃப்ளாப்பி. படத்தையும் ஒலியையும் பார்த்துக்கொள்ள அக்னஸ், டெனிஸ், பவுலா என்று மூன்று சிப்புகள். இன்றைக்கு ஒரு கைப்பேசிப் படமே இந்த நினைவகத்தைப்போல் பல மடங்கு. அந்த இடத்துக்குள் ஒரு விளையாட்டை அடக்க வேண்டுமென்றால் இயங்குதளத்துக்கு இடம் விட முடியாது. ஆகவே பெரும்பாலான விளையாட்டுகள் ஏறிய உடனே இயங்குதளத்தை வெளியே தள்ளிவிட்டு, முழு இயந்திரத்தையும் தம் கைக்குள் எடுத்துக்கொண்டன. வட்டைப் படிக்கும் நிரலைக்கூடத் தாமே எழுதிக்கொண்டன.

அப்படிச் செய்ததில் தவறில்லை. ஒரு வீட்டில் இருந்த அமீகா 500-க்கும் அடுத்த தெருவில் இருந்ததற்கும் ஒரு துடிப்புகூட வேறுபாடு இல்லை. ஓர் ஆணைக்கு எத்தனை துடிப்பு பிடிக்கும் என்று விளையாட்டு செய்தவர்கள் எண்ணி எழுதினார்கள். எண்ணியது எல்லா வீட்டிலும் சரியாக இருந்தது. அவர்களை இன்று அவசரக்காரர்கள், விதியை மதிக்காதவர்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். உங்கள் சோர்ஸ்களிலும் சில இடங்களில் அந்தத் தொனி எட்டிப்பார்க்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் இருந்த கருவியை அதன் கடைசித் துளிவரை அறிந்தவர்கள் அவர்கள். 1989-இல் வந்த ஷேடோ ஆஃப் தி பீஸ்ட் விளையாட்டில், அருகில் இருக்கும் புல் வேகமாகவும் தொலைவில் இருக்கும் மலை மெதுவாகவும் அடுக்கடுக்காக நகர்வதைப் பாருங்கள். சுற்றிவளைத்து இயங்குதளத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் அந்த இயந்திரத்தில் அது வந்திருக்காது.

சிக்கல் 1992-இல் அமீகா 1200 வந்தபோது பெரிதாயிற்று. பிராசஸர் 68020 இனத்தைச் சேர்ந்தது, வேகம் இரட்டிப்பு, நினைவகம் 2 மெகாபைட், இயங்குதளத்தின் அடித்தளமான கிக்ஸ்டார்ட் புதிது. அதன்மேல் 68030, 68040, 68060 என்று அட்டைகள் வந்து உட்கார்ந்தன. எண்ணி எழுதிய எண்ணிக்கைகள் எல்லாம் ஒன்றொன்றாகப் பொய்த்தன.

அவை பொய்த்த விதங்கள் எனக்கு அலுப்பதே இல்லை. 68000-இல் முகவரி ரெஜிஸ்டர் 32 பிட் அகலம், வெளியே போகும் முகவரிக் கம்பிகள் 24 பிட்டுக்குத்தான். மேலே மிஞ்சும் 8 பிட்டை பிராசஸர் பார்ப்பதே இல்லை. வீட்டில் காலியாகக் கிடக்கும் பரணில் சாமான் போட்டு வைப்பதைப்போல, நிரல் எழுதினவர்கள் அங்கே தங்கள் குறிப்புகளை வைத்துக்கொண்டார்கள்: இந்த எதிரி இறந்துவிட்டான், இந்தக் கதவு திறந்திருக்கிறது. 32 கம்பியும் உள்ள பிராசஸர் வந்தபோது அந்தக் குறிப்பும் முகவரியின் பகுதியாகிவிட்டது. நிரல் இல்லாத இடத்துக்குப் போய் நின்றது.

பிராசஸரின் நிலையைப் படிக்கும் ஓர் ஆணையை 68000-இல் யார் வேண்டுமானாலும் இயக்கலாம். 68010 முதல் அதை இயங்குதளத்துக்கு மட்டும் உரியதாக மோட்டோரோலா பூட்டிவிட்டது. குறுக்கீடு வரும்போது ஸ்டேக்கில் 6 பைட் ஏறும் என்று எண்ணியவர்கள் உண்டு. அடுத்த தலைமுறையில் அது 8 ஆயிற்று. கூடுதல் நினைவகம் 12 மெகாபைட் முகவரியில்தான் இருக்கும் என்று அங்கே மட்டும் தேடிய விளையாட்டுகள், 1200-இல் வேறிடத்தில் நிறைய நினைவகம் இருந்தும் இல்லை என்று முடிவுகட்டின.

தன்னைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும் நிரல்களின் கதை இன்னும் நுட்பம். ஓட்டத்தின் நடுவே, அடுத்து இயங்கப்போகும் ஆணையின் எண்ணைத் திருத்திவிட்டு அதை நோக்கிப் போவார்கள். வேகத்துக்கான வழி அது. 68020-இல் 256 பைட் அளவுக்கு ஆணைகளைப் பிடித்து வைக்கும் கேஷ் வந்தது. நினைவகத்தில் திருத்தினாலும் பிராசஸர் தன் மடியில் இருந்த பழைய படியைத்தான் இயக்கும். பிழை எல்லா நேரமும் வராது. கேஷில் அந்த வரி தங்கியிருந்தால் மட்டும் வரும். இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க நீங்கள் எத்தனை இரவு உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றைப் பிடிக்க நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

விசைப்பலகையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விசையையும் அழுத்தியதும் அமீகா அதற்கு ஒப்புதல் சொல்லவேண்டும். ஒரு கம்பியைக் குறைந்தது 85 மைக்ரோநொடி தாழ்த்திப் பிடிப்பதுதான் ஒப்புதல். அந்த நேரத்தைக் கழிக்க வெறும் எண்ணிக்கை ஓட்டினார்கள். வேகமான பிராசஸர் சட்டென்று எண்ணி முடித்துவிடும். விசைப்பலகைக்கு ஒப்புதல் கேட்காது. முதல் விசையோ பத்தாவது விசையோ, ஏதோ ஒன்றில் அது ஊமையாகிவிடும். நினைவகத்தில் பெரும் தொகுதிகளை நகர்த்தும் பிளிட்டருக்கும் இதே கதிதான். அது ஒரு வேலையை முடிப்பதற்குள் பிராசஸர் அடுத்த வேலையைக் கொண்டுவந்து நிற்காது என்ற நம்பிக்கையில், முடிந்ததா என்று கேட்காமல் விட்ட இடங்கள் பல. பிராசஸர் வேகமானதும் பாதிப் படத்தில் அடுத்த படம் விழுந்தது.

அமீகாவுக்கு மட்டும் வந்த வினை அல்ல இது. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமில் எந்தக் கருவியும் பதில் சொல்லாத ஒரு வாயிலைப் படித்தால், திரைக்காக அந்தக் கணத்தில் எடுக்கப்பட்ட பைட் கம்பியில் தங்கியிருந்து கையில் கிடைக்கும். திரையில் கதிர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆர்கனாய்ட், கோப்ரா போன்ற விளையாட்டுகள் அதைப் பயன்படுத்தின. 1987-இல் ஆம்ஸ்ட்ராட் வெளியிட்ட பிளஸ் 3 மாதிரியின் சுற்று மாறிவிட்டது. அந்த எச்சம் அங்கே கிடைக்கவில்லை. விளையாட்டு கதிருக்காகக் காத்துக்கொண்டே நின்றது. இரண்டு கணினிக்கும் ஒரே பெயர், ஒரே பிராசஸர். எந்தக் கையேட்டிலும் வாக்குக் கொடுக்காத ஒரு தற்செயலைக் கண்டுபிடித்து நம்பியவனும், அது போன பிறகு அதன் இடத்தில் வேறொன்றை வைத்துத் தைத்தவனும் எனக்கு ஒரே அளவில் மதிப்புக்குரியவர்கள்.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் நினைக்கிறேன். அனதர் வேர்ல்டு விளையாட்டை 1991-இல் செய்த எரிக் சாய். விளையாட்டின் நடத்தை முழுவதையும் தானே வகுத்த ஒரு கற்பனை இயந்திரத்தின் ஆணைகளாக எழுதி, அவற்றைப் படித்து இயக்கும் சிறு நிரலை மட்டும் அமீகாவுக்கு எழுதினார். வேறு கணினிக்குப் போகவேண்டுமென்றால் அந்தச் சிறு நிரலை மாற்றினால் போதும். இத்தனை இயந்திரங்களில் அது இன்றுவரை உயிரோடு இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். எல்லோருக்கும் அந்த வழி கிடைக்கவில்லை.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். பழைய விளையாட்டுகளை வன்தட்டிலிருந்து ஓட்டும் டபிள்யூஎச்டிலோட் 1996-இல் வந்தது. அது வந்த பிறகு நடந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். விளையாட்டின் வட்டை அப்படியே படியெடுத்து வன்தட்டில் வைக்கிறீர்கள். அதில் ஒரு பைட்டையும் தொடுவதில்லை. விளையாட்டு நினைவகத்தில் ஏறும் அந்தக் கணத்தில், ஸ்லேவ் என்ற சிறு கோப்பு குறிப்பிட்ட முகவரிகளில் கைவைக்கிறது. இங்கே ஃப்ளாப்பியைத் தேடும் நிரலுக்குப் பதில் வன்தட்டிலிருந்து கொடு. இங்கே எண்ணிக்கைக்குப் பதில் திரை வரியைப் பார்த்து நில். இங்கே முகவரியின் மேல் 8 பிட்டைத் துடைத்துவிட்டுப் போ. ஆடி முடித்து ஒரு விசையை அழுத்தினால் இயங்குதளம் விட்ட இடத்திலிருந்து திரும்ப வருகிறது. ஸ்லேவில் விளையாட்டின் நிரல் எதுவும் இல்லை. வட்டு வைத்திருப்பவன் தன் வட்டைக் கொண்டுவர வேண்டும்.

மூலத்தைத் தொடாமல் தனியே நிற்கும் இந்த வடிவம் எனக்கு நம் உரைநூல்களை நினைவூட்டுகிறது. மூலம் ஒரு பக்கம், உரை ஒரு பக்கம். உரையாசிரியர் தனக்குப் புரியாத இடத்தில் மூலத்தை வெட்டித் தைக்க மாட்டார். இப்படியும் பாடம் உண்டு என்று எழுதுவார். நீங்களும் பாடபேதம் பார்க்கிறீர்கள். ஒரே விளையாட்டுக்கு முதல் வெளியீடு ஒன்று, மலிவு விலையில் பின்னால் வந்த மறுவெளியீடு ஒன்று, அமெரிக்கப் பதிப்பு ஒன்று என்று இருக்கும். ஒன்றில் இந்த முகவரியில் இருப்பது இன்னொன்றில் 20 பைட் தள்ளி இருக்கும். அதனால்தான் உங்கள் ஸ்லேவ் முதலில் கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வந்திருப்பது எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுக் கைவைக்கிறது. தெரியாத பதிப்பென்றால் கைவைக்க மறுக்கிறது. ஏடு பதிப்பித்தவர்களுக்கு இந்த ஒழுக்கம் புரியும்.

ஆனால் உரையில் ஏன் என்று இருக்கும். உங்கள் ஒட்டுகளில் பெரும்பாலும் எங்கே, என்ன என்பது மட்டும் இருக்கிறது.

என் முதல் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு ஒட்டுக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். பல ஸ்லேவ்களுக்கு நீங்கள் சோர்ஸையும் கூடவே கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. கொடுக்காத ஸ்லேவ்களும் இருக்கின்றன. கொடுத்தவற்றிலும் பல, முகவரியும் மாற்றும் மட்டுமே கொண்ட நீண்ட பட்டியல்கள். இந்த முகவரியில் ஒன்றும் செய்யாத நோ-ஆப் ஆணை இரண்டு. அந்த முகவரியில் ஒரு தாவல். எழுதிய அன்று உங்களுக்கு எல்லாம் கைநுனியில் இருந்தது: எந்தக் கட்டத்தில் விழுந்தது, எந்த அட்டையில் விழுந்தது, மூல நிரல் அங்கே என்ன செய்ய முயன்றது. அன்று எழுதியிருந்தால் ஒரு நிமிடம். இன்று நான் தேடினால் மூன்று வாரம்.

ஓடுகிறதே, அது போதாதா என்று உங்களில் சிலர் கேட்கலாம். எனக்குப் போதும், நாளைக்குப் போதாது. கொமடோர் 1994-இல் திவாலானது. அதற்குப் பிறகும் அமீகா மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று 68000 குடும்பத்தைப் புதிதாக எஃப்.பி.ஜி.ஏ. சிப்புகளில் வரைந்து பழைய எதையும்விட வேகமாக ஓட்டுகிறார்கள். 2022-இல் கடைக்கு வந்த ஏ500 மினி என்ற சிறு பெட்டிக்குள் நிஜ அமீகா சிப் எதுவும் இல்லை. அதுவும் டபிள்யூஎச்டிலோட் தொகுப்புகளை ஏற்கிறது. வீட்டில் ஃப்ளாப்பியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் உங்கள் ஒட்டுகளின் மேல்தான் விளையாடுகிறார்கள். நீங்கள் 68060-க்காகப் போட்ட ஒட்டு அடுத்த இயந்திரத்தில் பிய்யலாம். பிய்ந்தால் தைக்கப்போகிறவனுக்கு, நீங்கள் என்ன தைத்தீர்கள் என்பதைவிட ஏன் தைத்தீர்கள் என்பதுதான் வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோளை எழுதத் தயக்கமாக இருக்கிறது. உங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்று அறிவேன். பழுதுபார்ப்பதையும் மெருகேற்றுவதையும் தயவுசெய்து ஒரே ஒட்டில் கலக்காதீர்கள்.

சில இடங்களில் மூலத்திலேயே பிழை இருக்கும். 1984-இல் ஸ்பெக்ட்ரமுக்கு வந்த ஜெட் செட் வில்லியில், பரண் அறைக்குள் ஒருமுறை போய்வந்தால் வேறு அறைகள் கெட்டுப்போய் விளையாட்டை முடிக்கவே முடியாமல் ஆகும். சில அறைகளில் விஷவாயு நிரம்பியிருக்கிறது என்று முதலில் சமாதானம் சொன்ன வெளியீட்டாளர்களே பிறகு நினைவகத்தை மாற்றித் திருத்துவதற்கான போக் எண்களைக் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் கையால் தட்டிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட பிழையைத் திருத்துங்கள், திருத்தினோம் என்று எழுதுங்கள். யாரும் மறுக்கப்போவதில்லை.

ஆனால் வேகம் அப்படி அல்ல. அமீகா 500-இல் திரையில் எதிரிகள் கூடிவிட்டால் நொடிக்கு 50 படம் ஓடியது 25 ஆகும். ஆடுகிறவனுக்கு அந்த நெரிசலில் யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். செய்தவர்கள் அதிலேயே ஆடிப் பார்த்து, அதற்கேற்பத்தான் எதிரிகளை நிறுத்தினார்கள். வேகமான அட்டையில் அந்தத் தொய்வு இல்லை. அதே கட்டம் வேறு விளையாட்டாகிவிடுகிறது. மறுபக்கம், 1993-இல் வந்த ஃபிரான்டியர் போன்ற முப்பரிமாண விளையாட்டு வேகமான பிராசஸரில்தான் மூச்சுவிட்டு நடக்கிறது. அதைப் பழைய வேகத்துக்குக் கட்டிவைப்பது கொடுமை. இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. விருப்பத்தேர்வுகள் வைக்கத் தொடக்கத் திரையில் உங்களுக்கு இடம் இருக்கிறதே. சாகாவரம், கூடுதல் உயிர், புதிய கட்டுப்பாட்டு விசைகள், நீக்கிய தொய்வு எல்லாவற்றையும் அங்கே வையுங்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் தொடங்கினால், 1990-இல் வட்டை வாங்கி வீட்டுக்கு ஓடிய பிள்ளை பார்த்தது வரவேண்டும்.

வட்டைப் படியெடுப்பதைத் தடுக்கும் காப்புப் பூட்டுகளைப் பற்றியும் கேட்கவேண்டும். ராப் நார்தென் எழுதிய காப்பிலாக் உங்களுக்கு மனப்பாடம். வட்டின் ஒரு தடத்தில் சில பிட்டுகள் வழக்கத்தைவிட அகலமாகவோ நெருக்கமாகவோ பதிக்கப்பட்டிருக்கும். வீட்டு டிரைவால் அப்படி எழுத முடியாது. படிக்க மட்டும் முடியும். படிக்க எடுத்த நேரத்தை அளந்து இது அசல் வட்டுதானா என்று முடிவுசெய்வார்கள். அளக்கும் நிரல் மறைக்குறியில் கிடக்கும். பிராசஸரின் ஒற்றையடி வசதியை வைத்து, ஒவ்வோர் ஆணையும் இயங்கப்போகும் கணத்தில் மட்டும் அவிழும், இயங்கியதும் மறுபடி முடிச்சாகும். முழு நிரலையும் ஒரே நேரத்தில் யாரும் பார்க்க முடியாது. கடைசியில் ஓர் எண் வெளியே வரும். அந்த எண்ணை வைத்துப் பிறகு வேறு கோப்புகளை அவிழ்க்கும் விளையாட்டுகளும் உண்டு.

கேஷ் உள்ள, வேகமான பிராசஸரில் இது பிழைக்காது. ஃப்ளாப்பி இல்லாத இடத்தில் தடத்தை அளக்கவும் முடியாது. ஆகவே நீங்கள் அதைத் தாண்டிப்போகிறீர்கள். உரிய எண்ணை உரிய இடத்தில் வைத்துவிட்டு நகர்கிறீர்கள். தாண்டாமல் வழியில்லை. ஆனால் நிரல் எழுதும் கலையில் இவ்வளவு செறிவான ஒரு பகுதி, "இங்கே காப்பு, நீக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோகிறது. எந்தத் தடம், என்ன அளந்தது, எங்கெங்கே மறுபடி சோதித்தது, மூன்றாம் கட்டத்தில் ஒளித்துவைத்த சோதனையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், இவற்றை எழுதிவையுங்கள். பூட்டைச் செய்தவனின் கைத்திறனும் திறந்தவனின் கைத்திறனும் அதில்தான் இருக்கிறது. எம்.எம்.யு. என்ற நினைவக மேலாண்மைப் பகுதி உள்ள அட்டையில் டபிள்யூஎச்டிலோட் நினைவகத்துக்குக் காவல் போட்டு, விளையாட்டு தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்ட உடனே நிறுத்திக் காட்டுகிறதே, அந்த அறிக்கைகளையும் தூக்கி எறியாதீர்கள். செய்தவர்களே அறியாமல் 1988 முதல் அந்த நிரலுக்குள் கிடந்த தவறுகளின் சாட்சி அவை.

இவ்வளவும் கூடுதல் வேலை என்று தெரியும். உங்களுக்கு வேலை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள நான் எழுதவில்லை. 68000 அசெம்பிளி எனக்கு இப்போது தடையில்லாமல் படிக்க வரும். குறிப்பில்லாத பழைய சோர்ஸ்களை என்னிடம் கொடுங்கள். ஒவ்வொரு ஒட்டையும் எடுத்துவிட்டு ஓட்டி, எங்கே விழுகிறது என்று பார்த்து, காரணத்தை எழுதி அனுப்புகிறேன். நீங்கள் சரிபார்த்தால் போதும். மாதத்துக்கு இரண்டு விளையாட்டு முடியும் என்று நினைக்கிறேன். சோர்ஸே வெளிவராத ஸ்லேவ்களை எழுதியவர்களிடம் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: கோப்பு இன்னும் உங்கள் பழைய வன்தட்டில் இருந்தால், அந்தத் தட்டு சுழலும்போதே அதை வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி அந்த 8.

நண்பரின் பதில் வந்த அன்று இரவு, 8-ஐ 5 ஆக்கி மறுபடி தொகுத்து ஓட்டினேன். முதல் கட்டம் நன்றாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாம் கட்டத்தின் இசையில் அடிநாதம் எப்போதாவது ஒருமுறை விழாமல் போயிற்று. புதிய சுரம் தொடங்க வேண்டிய இடத்தில் பழைய சுரத்தின் வால் நீண்டது. எல்லாச் சுற்றிலும் இல்லை. நான்கைந்து முறை கேட்டால் ஒருமுறை. அந்தக் கட்டத்தை எத்தனை முறை ஓட்டினேன் என்று கணக்கில்லை.

பவுலா சிப் ஒலித்துணுக்குகளை இரண்டிரண்டாக எடுத்து வாசிக்கிறது. ஒரு சானலை நிறுத்திவிட்டுப் புதிய ஒலியைத் தொடங்க வேண்டுமென்றால், கையில் இருக்கும் இரண்டையும் அது வாசித்து முடிக்கும் வரை பொறுக்க வேண்டும். அதற்காக அந்தக் காலத்து இசை நிரல்களில் 300 வரை எண்ணும் ஒரு வெற்றுச் சுழற்சி இருக்கும். 68000-இல் சுழற்சி ஒன்றுக்கு 10 துடிப்பு, மொத்தம் 420 மைக்ரோநொடிக்குச் சற்று மேல். என் 68030 அதைப் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எண்ணிவிடுகிறது. ஆகவே நீங்கள் எண்ணிக்கையை எடுத்துவிட்டுத் திரை வரியை அளவாக வைத்தீர்கள். எந்த பிராசஸர் ஆனாலும் ஒரு வரி 64 மைக்ரோநொடிதான்.

எத்தனை வரி என்பது சுரத்தைப் பொறுத்தது. சுரம் தாழத் தாழ ஒவ்வொரு துணுக்கும் நீண்ட நேரம் நிற்கும். ஒரு வரிக்குப் பவுலாவின் கணக்கில் 227 துடிப்பு. 5 வரி என்றால் 1,135. துணுக்குக்கு 567 துடிப்பு வரை தாங்கும். மற்ற நான்கு விளையாட்டுகளின் இசைக்கோப்புகளையும் திறந்து பார்த்தேன். எதிலும் 538-ஐத் தாண்டிய சுரம் இல்லை. இந்த விளையாட்டின் மூன்றாம் கட்டத்தில் மட்டும், டிராக்கர் இசையின் ஆகத் தாழ்ந்த சுரம் வருகிறது: 856. இரண்டு துணுக்குக்கு 1,712 துடிப்பு. 227-ஆல் வகுத்தால் ஏழரை வரி. நிறுத்தும் கணத்தில் பவுலா துணுக்கின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து 5 வரி சில நேரம் போதும், சில நேரம் போதாது. 8 வரி எப்போதும் போதும்.

14 ஆண்டுக்கு முன் நண்பர் அந்தக் கட்டம் வரை ஆடியிருக்கிறார், எப்போதாவது விழாமல் போகும் ஒரு சுரத்தைக் காதால் பிடித்திருக்கிறார், எண்ணை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் சேர்க்க ஒரு குறிப்பை நேற்று அவருக்கு அனுப்பினேன்: "மூன்றாம் கட்ட இசை, தாழ்ந்த சுரம் 856, இரண்டு துணுக்கு 7.54 வரி, 5 போதாது." அடுத்த பதிப்பில் அது ஏறினால் மகிழ்வேன்.

அன்புடன்,
ஓர் அமீகா 1200 வைத்திருப்பவன்